சராசரி 5,000 ரூபாய்... ஆனால், யாருக்கு?

சனிக்கிழமை ராத்திரி திருப்பூரைப் பார்த்திருக்கிறீர்களா? வாரச் சம்பளம் கைக்கு வந்திருக்கும். மளிகைக் கடையில் போன வாரப் பாக்கியை அடைக்க ஒரு கூட்டம், பரோட்டாக் கடையில் ஒரு கூட்டம், ஊருக்குப் பணம் அனுப்ப ஒரு கூட்டம். மற்ற ஊர்களுக்கு ஒன்றாம் தேதி எப்படியோ, பனியன் கம்பெனிக்காரர்களுக்குச் சனிக்கிழமை அப்படி.

அப்படியொரு சனிக்கிழமை, எங்கள் லைன் வீட்டில் எதிர்வீட்டு அக்கா செல்போனை நீட்டிக்கொண்டு வந்தார். தேனிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். ஓவர்லாக் டெய்லர். நான் ஒரு கம்பெனியில் பல வருஷம் கணக்கு எழுதியவன் என்பதால், லைனில் யாருக்குக் கணக்குச் சந்தேகம் வந்தாலும் என் வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

"தம்பி, இதக் கொஞ்சம் பாருங்க. என் தங்கச்சி மக அனுப்பியிருக்கா. ப்ளஸ் டூ முடிச்சிட்டு, 'பெரியம்மா, நான் திருப்பூருக்கு வந்துர்றேன்'னு ஒத்தக்கால்ல நிக்கிறா."

வாட்ஸ்அப்பில் சுற்றும் வேலை விளம்பரம் அது. 'பவர் டேபிள் யூனிட்டுக்கு ஆட்கள் தேவை. முன் அனுபவம் தேவையில்லை. சராசரி வார வருமானம் 5,000 ரூபாய்.'

"வாரம் ஐயாயிரம்னா மாசம் இருபதாயிரம். அவ கணக்குப் போட்டு ஸ்கூட்டி கலர் வரைக்கும் முடிவு பண்ணிட்டா. நான் பதினஞ்சு வருஷமா தைக்கிறேன், எனக்கே அவ்வளவு வர்றதில்லையே. இது பொய்தானே?"

யூனிட் எதுவென்று கேட்டேன். பக்கத்துத் தெருவில் இருப்பதுதான். அக்காவுக்குத் தெரிந்தவர்கள் அங்கே வேலை பார்க்கிறார்கள். யார் யாருக்கு என்ன கூலி என்று அவர் சொல்லச் சொல்ல, ஒரு பழைய டெலிவரி சலானின் பின்பக்கத்தில் எழுதினேன்.

பன்னிரண்டு பேர், மூன்று பதில்கள்

ஹெல்பர்கள் 6 பேர். கைமடிப்பது, பிசிர் வெட்டுவது, பீஸ் எடுத்துக் கொடுப்பது இவர்கள் வேலை. ஆளுக்கு வாரம் 2,400 ரூபாய். டெய்லர்கள் 3 பேர், ஆளுக்கு 4,200. அயர்ன் மாஸ்டருக்கு 5,000. கட்டிங் மாஸ்டருக்கு 8,000.

கூட்டிப் பார்த்தால் 14,400 + 12,600 + 5,000 + 8,000 = 40,000. பதினொரு பேருக்கு வகுத்தால் 3,636 ரூபாய். விளம்பரத்தில் சொன்ன 5,000 வரவில்லை.

"பாத்தீங்களா, பொய்தான்" என்றார் அக்கா.

"இருங்கக்கா. கான்ட்ராக்ட்காரருக்கு வாரம் எவ்வளவு நிக்கும்?"

"அவருக்கென்ன, இருபதாயிரம் நிக்கும்."

அவரையும் சேர்த்தேன். 60,000 ரூபாய், 12 பேர். வகுத்தால் சரியாக 5,000!

விளம்பரம் போட்டவர் கணக்கில் தப்புச் செய்யவில்லை. தன்னையும் ஒரு தொழிலாளியாக எண்ணிக்கொண்டார், அவ்வளவுதான். ஆனால், அந்த 12 பேரில் 9 பேர் 5,000 ரூபாயைக் கண்ணால் பார்த்ததில்லை.

எல்லாவற்றையும் கூட்டி, எண்ணிக்கையால் வகுப்பதைத்தான் நாம் 'சராசரி' என்கிறோம். பள்ளிப் பாடத்தில் இதற்குக் கூட்டுச் சராசரி என்று பெயர். அதே பாடத்தில் இன்னும் இரண்டு சராசரிகள் இருந்தன. பரீட்சை முடிந்ததும் நாம் மறந்துபோனவை அவை.

ஒன்று, இடைநிலை அளவு. எல்லோரையும் கூலி வரிசையில் குறைவிலிருந்து கூடுதலாக நிறுத்திவிட்டு, நட்டநடுவில் நிற்பவரைப் பார்ப்பது. 12 பேர் என்பதால் நடுவில் இரண்டு பேர் வருவார்கள். ஆறாவது ஆளுக்கு 2,400, ஏழாவது ஆளுக்கு 4,200. இரண்டுக்கும் நடு 3,300 ரூபாய். பாதிப் பேர் இதற்குக் கீழே, பாதிப் பேர் இதற்கு மேலே.

இன்னொன்று, முகடு. எந்த எண் அதிகத் தடவை வருகிறது என்று பார்ப்பது. இங்கே 2,400 ரூபாய். ஆறு பேர் வாங்குவது அதுதான்.

ஒரே அறை, ஒரே பன்னிரண்டு பேர். ஒரு சராசரி 5,000 என்கிறது, இன்னொன்று 3,300 என்கிறது, மூன்றாவது 2,400 என்கிறது. மூன்றும் சரியான கணக்குதான். கான்ட்ராக்ட்காரரின் வாரக் கூலிச் செலவை மதிப்பிடக் கூட்டுச் சராசரி உதவும். 'நடுத்தரமான ஒரு ஆள் இங்கே என்ன வாங்குவார்?' என்று தெரிய இடைநிலை அளவு வேண்டும். ப்ளஸ் டூ முடித்துவிட்டுப் புதிதாக வரும் ஒரு பெண்ணுக்கு என்ன கிடைக்கும் என்றால், அவள் ஹெல்பராகத்தான் சேர்வாள். அவளுக்குப் பதில் சொல்வது அந்த 2,400 மட்டும்தான்.

இடைநிலை அளவுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. கான்ட்ராக்ட்காரரின் வருமானம் 20,000-லிருந்து ஒரு லட்சமாக ஏறினாலும் அது 3,300-லேயே நிற்கும். கூட்டுச் சராசரியோ 11,666-க்குத் தாவிவிடும். ஹெல்பரின் கூலியில் ஒரு ரூபாய்கூட ஏறியிருக்காது. 'தனிநபர் வருமானம் உயர்ந்தது' என்ற செய்தியைப் படிக்கும்போதும் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் மொத்தத்தைத் தலைகளால் வகுத்து வந்த எண்தான்.

ஐந்து பேருக்கும் 90 சைஸ்

அக்காவுக்கு இன்னும் சந்தேகம். "அப்போ சராசரியே தேவையில்லாததா தம்பி?"

பனியனையே எடுத்துக்கொள்வோம் என்றேன். பனியன் சைஸ் சென்டிமீட்டர் கணக்கு என்று உங்களுக்கே தெரியும். 80, 85, 90, 95, 100 என்று போகும். ஒரு வீட்டில் ஐந்து ஆண்கள். ப்ளஸ் ஒன் படிக்கும் பையனுக்கு 80, தாத்தாவுக்கு 85, அண்ணனுக்கு 90, சித்தப்பாவுக்கு 95, அப்பாவுக்கு 100. சராசரி 90. தீபாவளிக்கு ஐந்து பேருக்கும் 90 சைஸ் வாங்கிக் கொண்டுபோனால் என்ன ஆகும்? அண்ணன் மட்டும் சந்தோஷப்படுவார். அப்பாவுக்கு மூச்சு முட்டும். பையனுக்குத் தோளில் நிற்காது.

சிரிப்பாக இருக்கிறது இல்லையா? இதே தப்பை அமெரிக்க விமானப்படை செய்திருக்கிறது. போர் விமானத்தில் விமானி உட்காரும் இடத்தை 'சராசரி விமானி'யின் உடலளவுக்குத் தகுந்தபடி வடிவமைத்திருந்தார்கள். 1950-ல் கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் ஆராய்ச்சியாளர் 4,063 விமானிகளின் அளவுகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். உயரம், மார்பு, கை நீளம் என்று பத்து அளவுகள். பத்திலும் சராசரியை ஒட்டி வரும் விமானிகள் எத்தனை பேர் என்று பார்த்தார். நிறையப் பேர் இருப்பார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வந்த விடை, பூஜ்யம். ஒருவர்கூட இல்லை! உயரம் சராசரியாக இருந்தால் கை நீளமாக இருந்தது, கை சரியாக இருந்தால் மார்பு அகலமாக இருந்தது. முன்னும் பின்னும் நகர்த்திக்கொள்ளும் இருக்கைகளும், அளவு மாற்றும் பட்டைகளும் வந்ததற்கு இந்த ஆராய்ச்சியும் ஒரு காரணம்.

நம்மூர் கட்டிங் மாஸ்டர்கள் இதை எந்த ஆராய்ச்சியும் இல்லாமலே தெரிந்துவைத்திருக்கிறார்கள். ஆர்டர் வந்தால் 'சராசரி சைஸ் என்ன?' என்று யாரும் கேட்பதில்லை. 'ரேஷியோ என்ன?' என்றுதான் கேட்பார்கள். ஸ்மால் ஒன்று, மீடியம் இரண்டு, லார்ஜ் இரண்டு, எக்ஸ்எல் ஒன்று என்று பிரித்துத்தான் துணி விரிப்பார்கள். சராசரி ஒரு எண்ணைச் சொல்கிறது. ரேஷியோ, மனிதர்கள் எப்படிப் பரவியிருக்கிறார்கள் என்பதைச் சொல்கிறது. இந்தியர்களுக்கென்றே ஒரு சைஸ் அட்டவணை தயாரிக்க, 25,000 பேரின் உடலை ஸ்கேனரில் அளக்கும் திட்டத்தை நிஃப்ட் கையில் எடுத்ததும் இதற்காகத்தான். ஒரே ஒரு 'சராசரி இந்தியன்' கிடைத்தால் போதும் என்றால் இவ்வளவு பாடு எதற்கு?

இரண்டு துணிக்கும் 180

துணி செக்கிங்கில் இருப்பவர்களுக்கு இது தினப்படி விஷயம். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் ஜிஎஸ்எம். வட்ட வடிவக் கட்டரால் 100 சதுர சென்டிமீட்டர் துணியை வெட்டி, தராசில் வைத்து, வரும் கிராமை 100-ஆல் பெருக்கினால் போதும். 1.80 கிராம் என்றால் 180 ஜிஎஸ்எம்.

பையர் கேட்பது 180 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ரோல்களில் ஐந்து ஐந்து இடங்களில் வெட்டிப் பார்க்கிறோம்.

முதல் ரோல்: 178, 179, 180, 181, 182.

இரண்டாவது ரோல்: 165, 172, 181, 188, 194.

கால்குலேட்டரைத் தேடாதீர்கள். பழைய கணக்குப்பிள்ளைகளின் குறுக்கு வழி ஒன்று சொல்கிறேன். 180-ஐ மனசில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் அதிலிருந்து எவ்வளவு கூட, எவ்வளவு குறைவு என்று மட்டும் பாருங்கள். இரண்டாவது ரோலில் 15 குறைவு, 8 குறைவு, 1 கூட, 8 கூட, 14 கூட. குறைந்தது 23, கூடியது 23. இரண்டும் அடிபட்டுப் போகிறது. ஆக, சராசரி 180. ஒருவேளை மிச்சம் 10 கூடுதலாக வந்திருந்தால், அதை ஐந்தால் வகுத்து, 180-ஓடு 2 சேர்த்து 182 என்று சொல்லிவிடலாம். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள், மார்க் சராசரியை வாயாலேயே போட்டுவிடுவார்கள்.

சராசரி என்பதன் அர்த்தமும் இதில் புரிந்துவிடும். குறைந்ததும் கூடியதும் சமமாகும் இடம் அது. தராசு முள் நடுவில் நிற்கிற மாதிரி. இரண்டு தட்டிலும் பத்து கிராம் இருக்கிறதா, பத்து கிலோ இருக்கிறதா என்பதை முள் சொல்லாது.

முதல் ரோலுக்கும் சராசரி 180-தான். ரிப்போர்ட்டில் சராசரியை மட்டும் எழுதினால் இரண்டும் ஒரே துணி. ஆனால், 5 சதவீதம் வரைதான் ஏற்ற இறக்கம் அனுமதி என்று பையர் சொல்லியிருந்தால், 171-க்குக் கீழும் 189-க்கு மேலும் போகக் கூடாது. இரண்டாவது ரோலில் ஐந்தில் இரண்டு இடங்கள் தோற்றுவிடும். அந்தத் துணியில் தைத்த டி-ஷர்ட்டில் ஒன்று கனமாக இருக்கும், அடுத்தது கொசுவலை மாதிரி இருக்கும். அதனால்தான் நல்ல செக்கர் சராசரிக்குப் பக்கத்திலேயே மிகக் குறைவானதையும் மிக அதிகமானதையும் எழுதிவைப்பார். '180, குறைவு 165, கூடுதல் 194' என்று மூன்று எண்கள் இருந்தால் ஒரு ரோலின் கதை தெரிந்துவிடும்.

ஆறால் வகுப்பதா, ஏழால் வகுப்பதா?

அக்கா பீஸ் ரேட்டில் தைப்பவர். அந்த வாரம் அவர் சம்பாதித்தது திங்கள் 620, செவ்வாய் 580, புதன் 640, வியாழன் ஒன்றுமில்லை (கட்டிங்கிலிருந்து பீஸ் வரவில்லை), வெள்ளி 700, சனி 460. மொத்தம் 3,000 ரூபாய்.

"அப்போ என் தினக் கூலி எவ்வளவு தம்பி?"

வேலை இருந்த ஐந்து நாளால் வகுத்தால் 600. கம்பெனிக்குப் போன ஆறு நாளால் வகுத்தால் 500. மூன்றாவதாக ஒரு கணக்கும் இருக்கிறது. வீட்டில் அடுப்பு ஞாயிற்றுக்கிழமையும் எரிகிறது, வாடகை ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்துத்தான். ஆகவே ஏழால் வகுத்தால் 428 ரூபாய் சொச்சம்.

'உன் கை வேகத்துக்கு என்ன மதிப்பு?' என்று கேட்டால் 600. 'இந்தக் கம்பெனியில் இருந்தால் என்ன கிடைக்கும்?' என்று கேட்டால் 500. 'ஒரு நாளைக்கு எவ்வளவு செலவு செய்யலாம்?' என்று கேட்டால் 428. நம் வீடுகளில் மாதக் கடைசியில் பணம் இடிக்கிறதே, அதற்குப் பல நேரம் காரணம் இதுதான். சம்பாதிப்பதை 600 என்று மனசில் வைத்துக்கொண்டு, ஏழு நாளும் செலவு செய்கிறோம்.

எதால் வகுக்கிறோம் என்பதில் அனுபவசாலிகளே தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. நூல் கவுண்ட். 20, 30, 40 கவுண்ட் என்று தினமும் சொல்கிறோமே, அது என்ன கணக்கு? 840 கஜம் நீளமுள்ள நூல் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் இருக்கிறதோ, அதுதான் பருத்தி நூலின் கவுண்ட். எண் கூடக் கூட நூல் மெல்லிசு.

ஒரு துணியில் 20 கவுண்ட் நூலும் 40 கவுண்ட் நூலும் ஒரே நீளத்துக்குச் செலவாகின்றன என்று வைத்துக்கொள்வோம். சராசரி கவுண்ட் என்ன? இருபதும் நாற்பதும் அறுபது, இரண்டால் வகுத்தால் முப்பது என்று சட்டென வாயில் வரும். தப்பு.

40 சிட்டம் நீளத்துக்கு 40 கவுண்ட் நூல் 1 பவுண்டு வேண்டும். அதே 40 சிட்டம் நீளத்துக்கு 20 கவுண்ட் நூல் 2 பவுண்டு வேண்டும். ஆக 80 சிட்டத்துக்கு 3 பவுண்டு. 80-ஐ 3-ஆல் வகுத்தால் 26.67. இதுதான் உண்மையான சராசரி. 30 என்று நம்பி நூல் வாங்கினால், 3,000 கிலோ வேண்டிய இடத்தில் 2,667 கிலோதான் வாங்குவோம். 333 கிலோ துண்டு விழும். மெஷின் நிற்கும், ஷிப்மென்ட் தேதி நெருங்கும், அவசரத்துக்கு வாங்கும் நூலுக்கு விலை எகிறும்.

இதே இரண்டு நூலும் சம எடையில் இருந்தால், ஒரு பவுண்டு இது, ஒரு பவுண்டு அது என்றால், 60 சிட்டம், 2 பவுண்டு. அப்போது 30 சரிதான். நீளம் சமமா, எடை சமமா என்று கேட்காமல் சராசரி சொல்லவே முடியாது. நீளம் சமமாக இருக்கும்போது வரும் அந்த 26.67-க்கு இசைச் சராசரி என்று பெயர். பெயரை மறந்தாலும் பரவாயில்லை. 'மொத்த நீளம், மொத்த எடை, அப்புறம் வகுத்தல்' என்ற வழியை மட்டும் விடாதீர்கள், எப்போதும் தப்பாது.

எந்த மூன்று மாதம்?

இதுவரை சொன்னது யாரைச் சேர்க்கிறோம், எதால் வகுக்கிறோம் என்பது. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. எந்தக் காலத்தின் சராசரி? இதில்தான் அக்காவின் சொந்தப் பணமே மாட்டிக்கொண்டிருந்தது.

"எட்டு வருஷமா இதே கம்பெனிதான். முட்டி வலி தாங்கல. வர்ற வருஷம் நின்னுட்டு ஊருக்குப் போயிரலாம்னு பாக்குறேன்" என்றார், பேச்சோடு பேச்சாக.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "எப்போ நிக்கப் போறீங்க?"

"வேலை கம்மியா இருக்குறப்பதான். நல்ல சீசன்ல விட்டுட்டுப் போனா மொதலாளி சங்கடப்படுவாருல்ல."

பணிக்கொடை எனும் கிராஜுவிட்டி, 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் காலத்திலிருந்தே, பத்துப் பேருக்குக் குறையாத நிறுவனத்தில் ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு உண்டு. ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் கூலி. மாதச் சம்பளக்காரருக்குக் கடைசியாக வாங்கிய சம்பளத்தை வைத்துக் கணக்கு. பீஸ் ரேட்காரருக்கு நிலையான சம்பளம் கிடையாதே? அதற்காகச் சட்டம் ஒரு சராசரியைச் சொல்கிறது. வேலையை விடுவதற்கு முந்தைய மூன்று மாதங்களில் வாங்கிய மொத்தக் கூலியின் சராசரியே அவருடைய தினக் கூலி. ஓவர்டைம் காசு இதில் சேராது. 2020-ல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் பீஸ் ரேட்காரருக்கு இதே மூன்று மாத முறைதான்.

அக்காவுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஆர்டர் நிறைய இருக்கும் மாதங்களில் ஒரே டிசைனைத் தொடர்ந்து தைப்பார், கை ஓடும், தினச் சராசரி 600 வரும். மந்தமான மாதங்களில் இங்கே நூறு பீஸ், அங்கே ஐம்பது பீஸ் என்று துண்டு துண்டாக வரும், சராசரி 450-க்கு இறங்கிவிடும்.

மந்தமான மூன்று மாதம் முடிந்து நின்றால்: 15 × 8 × 450 = 54,000 ரூபாய்.

நல்ல மூன்று மாதம் முடிந்து நின்றால்: 15 × 8 × 600 = 72,000 ரூபாய்.

அதே கம்பெனி, அதே எட்டு வருஷ உழைப்பு. நிற்கும் தேதி மாறினால் 18,000 ரூபாய் வித்தியாசம். அக்கா கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

இப்படிச் சராசரிகள் நம் சம்பளக் கவரைச் சுற்றிலும் இருக்கின்றன. இஎஸ்ஐ-யில் நோய்க்கால உதவித்தொகை, சராசரி தினக் கூலியில் 70 சதவீதம், வருஷத்தில் 91 நாள் வரை. பிஎஃப் பென்ஷனுக்குக் கடைசி 60 மாதச் சம்பளத்தின் சராசரியை எடுக்கிறார்கள். 2014 செப்டம்பருக்கு முன்னால் அது கடைசி 12 மாதமாக இருந்தது. சம்பளம் வருஷா வருஷம் ஏறும் ஒருவருக்கு, 12 மாதச் சராசரியைவிட 60 மாதச் சராசரி குறைவாகத்தான் வரும். ஒரு வரி மாற்றம்தான், ஆனால் பென்ஷனைத் தொடும் வரி.

தீபாவளி போனஸின் குறைந்தபட்சம் 8.33 சதவீதம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஏன் இப்படி ஒரு கோணல் எண்? 100-ஐ 12-ஆல் வகுத்துப் பாருங்கள், 8.33 வரும். வருஷ மொத்தத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அதாவது, ஒரு மாதச் சராசரிக் கூலி! சம்பள உச்சவரம்பு மாதிரி விதிகள் தனியே இருந்தாலும், அந்த எண்ணின் பிறப்பு இதுதான். பதின்மூன்றாவது மாதச் சம்பளம் என்று பெரியவர்கள் சொல்வது சும்மா இல்லை.

அதனால் ஒன்று செய்யுங்கள். சனிக்கிழமை வாங்கும் கூலிச் சீட்டைக் கிழித்துப் போடாதீர்கள். சீட்டு தராத இடமாக இருந்தால், தேதி, பீஸ், ரூபாய் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். எண்களைக் கையில் வைத்திருப்பவரிடம் யாரும் இஷ்டத்துக்குச் சராசரி சொல்ல முடியாது.

மூன்று கேள்விகள்

அந்த ராத்திரியே அக்கா தங்கை மகளுக்கு போன் போட்டார். ஸ்பீக்கரில் நானும் இருந்தேன். "விளம்பரம் போட்டவங்கள்ட்ட மூணே மூணு கேள்வி கேளு கண்ணு" என்று சொல்லிக்கொடுத்தோம்.

இந்தச் சராசரியில் யார் யாரைச் சேர்த்திருக்கிறீர்கள்?

எதால் வகுத்தீர்கள், வேலை இருந்த நாட்களாலா, எல்லா நாட்களாலுமா?

எந்த மாதங்களின் கணக்கு இது?

நான்காவதாக அக்கா தானே ஒன்றைச் சேர்த்தார். "அதெல்லாம் கேட்டுட்டு, 'புதுசா வர்ற ஹெல்பருக்கு மொத வாரம் என்ன தருவீங்க?'ன்னு நேராவே கேட்டுரு." நான் ஒரு மணி நேரம் சொன்னதை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

மறுநாள் அந்தப் பெண் கேட்டிருக்கிறாள். பதில் வந்தது. ஷிப்ட்டுக்கு 400, வாரம் 2,400. டெய்லராகப் பழகினால் கூடும்.

அவள் வராமல் இருந்துவிட்டாளா என்று கேட்கிறீர்களா? இல்லை, வந்துவிட்டாள். இப்போது பெரியம்மா வீட்டில்தான் இருக்கிறாள். பகலில் ஹெல்பர் வேலை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் யார் மெஷினாவது காலியாக இருந்தால் கழிவுத் துணியில் தைத்துப் பழகுகிறாள். தபாலில் டிகிரிக்கும் விண்ணப்பித்திருக்கிறாள். ஸ்கூட்டி கலரைப் பற்றிப் பேச்சில்லை. வாரம் 2,400-ல் 500 ரூபாயை எடுத்து வைக்கிறாள். "ஐயாயிரம்னு நெனச்சு வந்திருந்தா, மொத சனிக்கிழமையே அழுதுட்டு ஊருக்கு பஸ் ஏறியிருப்பேன் மாமா" என்றாள் என்னிடம்.

அக்கா நிற்கும் தேதியைத் தீபாவளி வேலை முடியும் வரை தள்ளிவைத்துவிட்டார். முதலாளியிடமும் சொல்லிவிட்டாராம். புது ஆள் பழக நேரம் கிடைத்ததில் அவருக்கும் சந்தோஷம்.

இந்த வாரக் கேள்வி: அவிநாசியிலிருந்து திருப்பூருக்கு ஒருவர் மொபெட்டில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறார். சாயங்கால நெரிசலில் அதே வழியில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் திரும்புகிறார். போய்வந்த பயணத்தின் சராசரி வேகம் என்ன? 30 என்று சொல்பவர்கள் நூல் வாங்கும் பொறுப்பை ஏற்க வேண்டாம். விடை மேலேயே இருக்கிறது, தேடிப் பாருங்கள். அடுத்த வாரம் பார்ப்போம்!